காற்றுக்குத் தண்ணீர்

காற்றுக்கும் வாய் இருந்தது அந்தக் காலத்தில். பறவையும் நண்டும் மனிதரோடு வழக்கடித்தன. யாரும் அதை வியப்பாகக் கேட்டதில்லை. ஆனால் கடலில் பாய் என்று ஒன்று இல்லை. மரங்களைச் சேர்த்துக் கட்டி, அவற்றின்மேல் மண்டியிட்டு, துடுப்பு வலித்துத்தான் மீன்பிடிக்கப் போனார்கள். கை எட்டிய தூரம்தான் கடல்.

அப்படி ஒரு கரையில் தாண்டவன் இருந்தான். அவனோடு ஒரே கட்டுமரத்தில் துடுப்பு வலித்தவன் கொளஞ்சி, தாண்டவனின் மனைவி செவந்தியின் தம்பி. ஒரு மாசியில் அலை அந்த மரத்தைத் தூக்கித் தாண்டவனின் தோளில் போட்டது. எலும்பு சேர்ந்தது, வலு சேரவில்லை.

ஆனி பிறந்தது. கோலா மீன் வரும் காலம். கோலா கரையோரத்து மீன் அல்ல. கரை கண்ணுக்கு மறைகிற இடத்தில், நீருக்கு மேலே வெள்ளியை வாரி இறைத்ததுபோல் பறக்கும். இரண்டு தோளும் நன்றாக இருப்பவர்களே அங்கே மூச்சிரைக்கத்தான் போய்ச் சேர்வார்கள். தாண்டவனும் கொளஞ்சியும் பாதி வழியில் திரும்பினார்கள். மறுநாளும் அப்படியே. செவந்தியின் மீன்கூடை மணலில் கவிழ்ந்து கிடந்தது. அதற்குள் ஒரு நண்டு குடி வந்துவிட்டது.

"காலி பண்ணச் சொல்லமாட்டியே அக்கா?" என்று கேட்டது நண்டு.

"சொல்லுவேன். கொஞ்சம் பொறு," என்றாள் செவந்தி.

துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தாண்டவன் வானத்தைப் பார்த்திருந்தான். ஓர் ஆலாப் பறவை சிறகை அசைக்காமல் கடல்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"வலிக்காமலே போறியே, எப்படி?" என்று கத்தினான்.

"நான் எங்கே போறேன்?" என்றது ஆலா. "சிறகை விரிச்சு வச்சிருக்கேன். எடுத்துக்கிட்டுப் போறது காத்து."

அன்று மாலையே தாண்டவன் ஒரு மூங்கிலை வெட்டி வந்து மரத்தில் நட்டான். விரிப்பதற்கு வீட்டில் இருந்தது ஒரே ஒரு கோரைப்பாய். பிள்ளைகள் படுக்கும் பாய். அதைச் சுருட்டித் தோளில் வைத்து வருகிறவனைக் கண்டு கொளஞ்சி சிரித்தான்.

"ஏன் மாமா, கடல்ல போய்த் தூங்கப் போறியா?"

"தூக்கிக் கட்டப் போறேன்டா. காத்து நம்மள எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

கொளஞ்சியின் சிரிப்பு நின்றது. அவனும் செவந்தியும் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, அவர்கள் அப்பனைக் கச்சான் காற்று அடித்துக்கொண்டு போனது. மேற்கிலிருந்து வருகிற காற்று அது. கிழக்கே கடலுக்குள் கொண்டுபோகும். கொண்டுபோனது திரும்ப வரவில்லை.

"எங்கப்பனைத் தின்னவன் மாமா அவன். அவன் கையில மரத்தைக் குடுக்கறேங்கிறியே."

"அப்ப உன் அக்காவும் பிள்ளைங்களும் எதைத் தின்னுவாங்க?"

கொளஞ்சி மணலைக் காலால் கிளறினான். "நாளைக்கு ஒரு தரம் வர்றேன். பாய் உதவலேன்னா, மறுநாள்லேருந்து நான் வேற மரம். கோவிச்சுக்காதே."

ஒற்றைத் தோளோடு ஒருவன் தனியாக அலை தாண்ட முடியாது. மூவருக்கும் அது தெரியும்.

விடியலில் கச்சான் வந்தது. மரத்தை நீரில் தள்ளி, மூங்கிலில் பாயை ஏற்றினார்கள். காற்று நேரே பாயின்மேல்தான் வந்தது. வந்து, கோரைக்கும் கோரைக்கும் இடையில் புகுந்து, மறுபக்கம் போய்க்கொண்டே இருந்தது. மரம் அசையவில்லை. வறண்ட சீழ்க்கை ஒன்றுதான் கேட்டது.

"ஆச்சா? இறக்கு மாமா," என்றான் கொளஞ்சி.

செவந்தி இடுப்பளவு நீரில், குடிதண்ணீர்ச் சுரைக்குடுக்கையோடு நின்றிருந்தாள். அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். மீன் கூடையோடு மேற்கே ஊர் ஊராக நடந்தவள் அவள். உச்சி வெயிலில் 'மீனு' என்று கூவ வாய் திறந்தால் தொண்டையிலிருந்து அதுதான் வரும். ஒருநாள் எந்த ஊரிலோ ஒருத்தி அவளுக்குச் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். மீன் வாங்கவில்லை. ஆனாலும் அந்த வாசலை விட்டு நகர மனம் வராமல் செவந்தி வெகுநேரம் நின்றிருந்தாள்.

"ஏய்யா, நில்லு. எங்கேருந்து வர்றே?" என்று காற்றைக் கேட்டாள்.

"மலைக்கு அந்தப்பக்கம்," என்றது கச்சான். "விடு தாயி. தண்ணி இருக்கற எடத்துக்குப் போகணும்."

"வர்ற வழியில ஏரி குளம் இல்லையா?"

"எல்லாம் வெடிச்சுக் கெடக்கு. என்னைக் கண்டாலே புழுதி வருதுன்னு கதவைச் சாத்தறாங்க."

செவந்தி குடுக்கையின் அடைப்பைப் பிடுங்கினாள்.

"அக்கா! அது குடிக்கிற தண்ணி!"

"வந்தவனுக்கு முதல்ல தண்ணி குடுக்கணும்டா. வேலையெல்லாம் அப்புறம்தான் சொல்லணும்," என்று சொல்லிக்கொண்டே அத்தனையையும் பாயின்மேல் வீசினாள்.

கோரை ஊறியது. இடுக்குகள் மூடின. கச்சான் நின்றது. குடித்தது. குனிந்து குடித்தவனின் பாரத்தில் பாய் நிறைசூலியின் வயிறுபோல் புடைத்தது. மரம் அலையை ஏறிக் கடந்தது. கொளஞ்சி தாவி விழுந்துதான் அதைப் பிடிக்க வேண்டியிருந்தது.

துடுப்பு நனையாமல் பாதிக் கடல் போனார்கள். அங்கே வெயில் ஏறிப் பாய் காய்ந்தது. மறுபடியும் சீழ்க்கை. மரம் நின்றது, அவர்கள் எப்போதும் திரும்பிவிடுகிற அதே இடத்தில். குடுக்கையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தாண்டவன் துடுப்பை எடுத்தான், வலித்தான், பல்லைக் கடித்துக்கொண்டான்.

கொளஞ்சி காற்றைப் பார்த்துக் கேட்டான். "எங்கப்பனை எங்கே கொண்டுபோய் விட்டே?"

சீழ்க்கை தணிந்தது.

"தெரியலப்பா," என்றது காற்று. "தாகத்துல ஓடறவன் கண்ணுக்கு, குறுக்கே நிக்கறது யாருன்னு தெரியறதில்ல."

தொலைவில் கோலா மீன்கள் எழுந்து எழுந்து மின்னின. மாமனின் தோள் நடுங்குவதைக் கொளஞ்சி பார்த்தான். அந்தத் துடுப்பை மெல்ல வாங்கினான். அதன் அகலத்தில் கடலை வாரி, பாயின்மேல் இறைத்தான்.

"உப்புத் தண்ணிதான். எங்ககிட்ட இதுதான் இருக்கு. குடி."

கச்சான் குடித்தது. "ஒருத்தர் கையால குடுத்தா உப்புத் தெரியறதில்ல," என்றது.

பாய் காயக் காயக் கொளஞ்சி இறைத்துக்கொண்டே இருந்தான். கோலாக் கூட்டத்தின் நடுவே போய், கொண்டுவந்திருந்த தழைக்கட்டுகளை மிதக்க விட்டார்கள். அவற்றில் முட்டையிட வந்த மீன்கள் கைக்கெட்டும் தூரத்தில் மொய்த்தன. வெயில் சாயும்போது கிழக்குக் காற்றான கொண்டல் எழுந்தது. யாரும் சொல்லாமலே கொளஞ்சி பாயைத் திருப்பி, அதன்மேல் நீரை வாரி இறைத்தான்.

"எனக்கெதுக்குத் தண்ணி? நான் கடல்மேலேயேதான் வர்றேன்," என்றது கொண்டல்.

"உங்கண்ணனுக்குக் குடுத்தோம். உனக்குக் குடுக்கலேன்னா, நாளைக்கு வந்து சண்டை போடுவே."

கொண்டல் சிரித்தது. சிரித்த வேகத்தில் மரத்தைக் கரையில் கொண்டுவந்து சேர்த்தது.

நீர் விளிம்பில் செவந்தி நின்றிருந்தாள். முதலில் அவள் தலைகளைப் பார்த்தாள், இரண்டும் இருந்தன. அதன் பிறகுதான் மீனைப் பார்த்தாள்.

"அக்கா, இனி இந்தப் பாய்ல யாரும் படுக்க முடியாது. உப்பேறிப் போச்சு," என்றான் கொளஞ்சி.

"போகட்டும். பிள்ளைங்களுக்கு வேற பின்னிக்கலாம்," என்றவள், மணலில் கிடந்த கூடையை நிமிர்த்தினாள். "ஏ நண்டு, காலி பண்ணு."

நண்டு முணுமுணுத்துக்கொண்டே பக்கவாட்டில் போயிற்று.

கோரைப்பாய் போய்த் துணிப்பாய் வந்தது. பேச்சும் நின்றுவிட்டது, காற்று இப்போது நம்மோடு பேசுவதில்லை. ஆனாலும் பாய் விரித்ததும், துடுப்பால் கடலை வாரி அதன்மேல் இறைத்துவிட்டுத்தான் கட்டுமரக்காரர்கள் புறப்படுகிறார்கள். கேட்டால், நனைந்த பாய்தான் காற்றைப் பிடிக்கும் என்று மட்டும் சொல்வார்கள். தகப்பனைக் கொண்டுபோன காற்றுக்குக் கொளஞ்சி தண்ணீர் கொடுத்தானே, அன்று முதல்தான் காற்று பாயில் நின்று, குடித்து, பிறகு நம்மை அழைத்துக்கொண்டு புறப்படுகிறது.