நாய் குரைத்தால் நல்லவன்

மருதங்கோட்டை மகாராஜா வல்லபதேவருக்குக் கோபம் வந்தால் இடப்பக்க மீசை மட்டும் தனியாக ஆடும். அன்றைக்குச் சபையில் அது ஆடு ஆடென்று ஆடியது. ஆட்டிவைத்தவர் தர்மாதிகாரி வேதகிரி. ஊரில் எது தர்மம், எது அதர்மம் என்று கட்டளை போடுகிறவர். மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசிப் பாருங்கள், அச்சு அசல் அவர் குரல்தான்.

"சிவ சிவா! வடக்குச் சந்தில் பத்து விலைமாதர் நிற்கிறார்கள், மகாராஜா! சொல்லவே நாக்குக் கூசுகிறது. மொட்டையடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி, ஆற்றுக்கு அக்கரையில் தள்ளிவிட வேண்டும்!"

"தள்ளத்தான் வேண்டும், தள்ளத்தான் வேண்டும்" என்று பெரியமனிதர்கள் ஏழு பேர் கோரஸ் பாடினார்கள்.

மகாராஜா தன் விகடகவி சாத்தப்பன் பக்கம் திரும்பினார். "ஹூம்! அந்தச் சந்து விவகாரத்தில் யார் யாருக்குப் பங்கு உண்டோ அத்தனை பேரையும் நாளை உச்சிப்பொழுதில் எனக்குக் காட்டு. ஒருத்தர் தப்பினாலும் அந்தக் கழுதைமேல் நீ ஏறுவாய்!"

"ஒருத்தரையும் விடக் கூடாது. அப்படித்தானே, மகாராஜா?"

"ஒருத்தரையும்!"

"உத்தரவு" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே வடக்குச் சந்துக்கு நடந்தான் சாத்தப்பன்.

சந்துக்குள் கால் வைத்ததுதான் தாமதம். "வள்! வள்! வவ்வவ்வவ்!" நாலு நாய்கள் பாய்ந்து வந்தன. வேட்டியில் ஒரு முழம் போயே போய்விட்டது.

"சூ! சூ! விடுங்கடா அவரை!" என்று ஓடி வந்தாள் ஒரு பெண். பெயர் அங்காயி. "புது ஆளா சாமி? பழகினவங்களை இதுங்க ஒண்ணும் பண்ணாது."

கிழிந்த வேட்டியைக் கையில் பிடித்தபடியே சாத்தப்பன் அவளைப் பார்த்தான். "அம்மா, நாளைக்கு உங்களை அக்கரைக்கு விரட்டப் போகிறார்கள். இந்த வழிக்கு ஏன் வந்தீர்கள்?"

"ஆசைப்பட்டா வந்தோம்? எங்க பத்து பேர் புருஷனும் போன சண்டையில ராஜாவுக்காகச் செத்தவங்க. வீட்டுல தறி சும்மா கிடக்கு. எனக்கு நல்லாவே நெய்ய வரும். ஆனா பொம்பளை தறிக்குழியில இறங்கினா ஊருக்கு ஆகாதாம். தர்மாதிகாரி கட்டளை. தெருவுல நின்னா மட்டும் ஊருக்கு ஆகுதாக்கும்! எனக்குக் கைக்குழந்தை இருக்கு சாமி. அக்கரையில ஒரே காடு. அதைத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்?"

சாத்தப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சிரிக்காத நாள் ஊருக்கு ஆபத்தான நாள்.

மறுநாள் உச்சி வெயில். மகாராஜா, தர்மாதிகாரி, ஏழு பெரியமனிதர்கள் எல்லாரும் சந்து முனையில் ஆஜர். பத்துப் பெண்களும் ஓரமாக நின்றார்கள். பத்துக் கழுதைகளும் தயார்.

"மகாராஜா, என்னிடம் நாலு சாட்சிகள் உண்டு. லஞ்சம் வாங்காத சாட்சிகள். தாங்கள் முதலில் உள்ளே வரவேண்டும்" என்றான் சாத்தப்பன்.

மகாராஜா கால் வைத்தார். "வள்! வள்! வவ்வவ்வவ்!" கிரீடத்தையே கடித்துவிடும் போலக் குரைத்தன. அங்காயி அதட்டித்தான் நிறுத்தினாள். மகாராஜா துள்ளிப் பின்வாங்கினார்.

"அடுத்து, தர்மாதிகாரி அவர்கள்."

"நானா? சிவ சிவா! இந்தப் பக்கம் நான் தலைவைத்தும் படுத்ததில்லை!"

"அதனால்தான் ஐயா கூப்பிடுகிறேன்."

வேறு வழியில்லாமல் தர்மாதிகாரி காலை வைத்தார். குரைப்பு இல்லை. நாலு வாலும் விசிறி மாதிரி ஆடின. அதில் ஒரு செவலை நாய் தரையில் புரண்டு, எழுந்து, அவர் மடியில் மூக்கை விட்டுத் தின்பண்டம் தேட ஆரம்பித்தது.

தர்மாதிகாரிக்கு வியர்த்துக் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக அதட்டினார்.

"சீ! போடா அப்பளம்! இப்ப ஒண்ணும் இல்லை, போ!"



மகாராஜா அங்காயியைக் கேட்டார். "இந்த நாய்க்குப் பெயர் என்னம்மா?"

"அப்பளம்தான் சாமி. எங்க சந்துல வச்ச பேரு. வெளியாளுங்களுக்குத் தெரியாது."

மகாராஜாவின் மீசை இரண்டு பக்கமும் ஆடியது. அது சிரிப்பு. "எனக்குக் குரைத்தது, பார்த்தீர்களா? எல்லாரும் பார்த்தீர்களா?" என்று நாலு தடவை கேட்டார்.

அப்புறம் ஏழு பெரியமனிதர்களும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். எல்லாருக்கும் வாலாட்டல்தான். ஒருவருக்கு மட்டும் நாய் கொட்டாவி விட்டது. அவ்வளவு பழக்கம்!

"மகாராஜா, பங்காளிகள் பத்தும் எட்டும் பதினெட்டு" என்றான் சாத்தப்பன். "கழுதைகள் பத்துதான். பரவாயில்லை, கழுதைக்கு இரண்டு பேராக ஏற்றிவிடலாம். தர்மாதிகாரிக்கு மட்டும் தனிக் கழுதை. மடியில் அப்பளம் உட்காருமே!"

"வேண்டாம் மகாராஜா!" தர்மாதிகாரி காலில் விழுந்தார். மூக்குக்குரல் எங்கே போனதோ, நல்ல தொண்டைக்குரலில் அழுதார். "கழுதைக் கட்டளையை ரத்து செய்துவிடுங்கள்!"

"ரத்து செய்கிற கையோடு, பெண்கள் நெய்யக் கூடாது என்று இவர் போட்ட தறிக்குழிக் கட்டளையையும் ரத்து செய்துவிடுங்கள், மகாராஜா" என்றான் சாத்தப்பன். "இவர்கள் பத்துப் பேர் புருஷனும் போன சண்டையில் செத்தவர்கள். எனக்காகச் செத்தவர்களின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா என்று தாங்களே கேட்கப் போகிறீர்கள். நான் முந்திக்கொண்டேன்."

மகாராஜா தலை குனிந்தார். "அதை நான் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும்" என்றார். இரண்டு கட்டளையும் அங்கேயே ரத்தாயின. அங்காயி குழந்தையை இறுக்கிக்கொண்டு தறி இருக்கிற வீட்டுக்கு ஓடினாள்.

கதை முடிந்தது என்று நினைத்தீர்களா? மறுநாள் சபையைப் பார்த்திருக்க வேண்டும்! அத்தனை பேர் வேட்டியும் கிழிசல். தர்மாதிகாரியின் வேட்டி சல்லடை.

"என்ன இது?" என்றார் மகாராஜா.

"நாய் கடித்துவிட்டது, மகாராஜா! வடக்குச் சந்து நாய்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது!" என்றார் ஒருவர்.

"என்னைக் கண்டாலும்தான்!" என்றார்கள் மற்ற எல்லாரும்.

"அப்பளம்கூட நேற்றுச் சாயங்காலம் மனசு மாறிக் கடித்துவிட்டது!" என்றார் தர்மாதிகாரி.

சாத்தப்பன் கைகட்டி நின்றான். "பாவம் மகாராஜா. சபைக்கே புது வேட்டி வேண்டும். நல்லவேளை, பத்துத் தறி தயாராக இருக்கிறது."

மகாராஜா கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். அத்தனை வேட்டியும் அங்காயி கூட்டத்தாரிடம்தான் வாங்க வேண்டும், முதல் வேட்டி சாத்தப்பனுக்கு என்று உத்தரவானது. பிறகு அவனைக் கிட்டே கூப்பிட்டுக் காதோடு சொன்னார்:

"எனக்கும் ஒன்று சொல்லிவிடு. முனையில் கொஞ்சம் கிழித்தே நெய்யச் சொல். வெறுமனே குரைத்தது என்றால் மகாராணி நம்பமாட்டேன் என்கிறாள்!"