பஞ்சி முயல் சொன்ன தீர்ப்பு

ஈச்சங்காட்டில் கோடை வந்துவிட்டால் தண்ணீர் ஒரே இடத்தில்தான் இருக்கும். அந்த இடத்துக்கு வட்டச்சுனை என்று பெயர்.

அங்கே பஞ்சி என்று ஒரு முயல் இருந்தது. அதற்கு எதைக் கண்டாலும் பயம். தவளை குதித்தாலும் பயம்; தன் நிழல் கொஞ்சம் நீண்டாலும் பயம். வானத்தில் பருந்து வட்டமிட்டால் ஒரே ஓட்டமாக ஓடிப்போய், கார்மேகம் என்ற எருமையின் வயிற்றுக்குக் கீழே பதுங்கிக்கொள்ளும். கார்மேகமும் பருந்து போகும்வரை ஓர் அடிகூட நகராமல் அசைபோட்டுக்கொண்டு நிற்கும்.

ஒரு நாள் காலை சுனையில் பெரிய கூக்குரல் எழுந்தது.

"ஐயோ, என் முட்டைங்களைக் காணோமே! மூணு முட்டை! இரை தேடிட்டு வர்றதுக்குள்ள ஒண்ணுகூட இல்லையே!" என்று நீர்க்கோழி அழுதது.

அதன் கூடு இருந்த கோரைப்புல் ஓரமாக ஓர் உடும்பு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. எல்லோருடைய பார்வையும் அதன்மேல் விழுந்தது.

"நான் எடுக்கலைங்க! தண்ணி குடிக்க வந்தேன், அவ்வளவுதான்!" என்றது உடும்பு.

"முட்டைன்னா உசுரை விடுற ஆளுதானே நீ!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

சுனையில் ஒரு வழக்கம் இருந்தது. யார்மேலாவது குற்றம் சொன்னால் மூன்று பேர் கூடித் தீர்ப்புச் சொல்வார்கள். இரண்டு பேர் எதைச் சொல்கிறார்களோ அதுதான் முடிவு. மூவரும் சுனைத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டால் அதை மாற்ற முடியாது. குற்றவாளி என்றால் மழை வரும்வரை சுனைப் பக்கமே தலைகாட்டக் கூடாது. அடுத்த தண்ணீரோ கரும்பாறை மேட்டுக்கு அப்பால், இரண்டு நாள் நடை. கோடையில் அந்த மேட்டைத் தாண்டி உயிரோடு போனவர் யாரும் இல்லை.

அன்று தீர்ப்புச் சொல்லும் முறை கரடி, முள்ளம்பன்றி, பஞ்சி மூவருக்கும் வந்திருந்தது.

முள்ளம்பன்றி கறாரான ஆள். தன் வளை வாசலில் கூழாங்கல்லைக்கூட வரிசையாகத்தான் வைத்திருக்கும். "அடைகாக்கிற காலத்துல கோரைப் பக்கம் யாரும் போகக் கூடாது. இது போயிருக்கு. அப்புறம் என்ன பேச்சு? அனுப்புங்க!" என்றது.

கரடி கொட்டாவி விட்டது. "விடுங்கப்பா! பசிச்சிருக்கும், தின்னிருக்கும். நாலு திட்டு திட்டி அனுப்பிடலாம்."

"நான் தின்னவே இல்லைன்னுதானே சொல்றேன்!" என்று உடும்பு கெஞ்சியது. அது யார் காதிலும் விழவில்லை.

பஞ்சி உடும்பைப் பார்த்தது. பிளந்த நாக்கு வெளியே வந்து வந்து போயிற்று. பஞ்சி இரண்டடி பின்வாங்கிக் கத்தியது:

"இதுதான் எடுத்திருக்கும்! மூஞ்சியைப் பாத்தாலே தெரியலையா? அனுப்பிடுங்க! உடனே அனுப்பிடுங்க!"

"ரெண்டு பேர் சொல்லியாச்சு. வாங்க, காலை நனைப்போம்!" என்றது முள்ளம்பன்றி.

கரடிக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்குச் சட்டம்னா போதும், எவன் செத்தா என்ன!"

"நீ தேன் திருடுறவன், அதனாலதான் திருடனுக்குப் பரிஞ்சு பேசுற!" என்று முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்தது.

"சண்டை போடாதீங்க! நீங்க ரெண்டு பேரும் உங்க குணத்தை வச்சுத்தான் பேசுறீங்க!" என்றது பஞ்சி.

கரடி சட்டென்று திரும்பியது. "நீ மட்டும் எதை வச்சுப் பேசினியாம்? அதைப் பாத்துப் பயந்துட்டே. அவ்வளவுதானே?"

பஞ்சிக்குச் சுருக்கென்றது. "நான் ஒண்ணும் பயத்துல சொல்லலை! இருங்க, அத்தாட்சியோட வர்றேன்!" என்று வீம்பாகக் கோரைப்புல்லுக்குள் புகுந்தது.

உள்ளே போனதும் திரும்பி ஓடிவிடத் தோன்றியது. ஆனாலும் கூடுவரை போய்ப் பார்த்தது. உடும்பின் கால்தடம் தண்ணீர் ஓரத்தோடு நின்றுவிட்டது. கூட்டுக்குப் பக்கத்தில் அதன் தடம் ஒன்றுகூட இல்லை. கூடு ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. அதன் அடியில், சேற்றில் ஒரு பெரிய பள்ளம். பள்ளத்துக்குள் நொறுங்கிய முட்டை ஓடுகள்.

அது ஒரு குளம்புத் தடம். ஈச்சங்காட்டில் அவ்வளவு பெரிய குளம்பு ஒருவருக்குத்தான் உண்டு.

பஞ்சி சுற்றுமுற்றும் பார்த்தது. 'சேச்சே, கார்மேகம் மாமா செய்திருக்க மாட்டார்! எவ்வளவு நல்லவர்! இதை மூடிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?' முன்னங்காலால் சேற்றைத் தள்ளப் போனது. தூக்கிய கால் அப்படியே நின்றது.

'உடும்பு எடுத்ததை நான் பார்க்கவில்லை, எடுத்தது என்றேன். இதைக் கண்ணால் பார்க்கிறேன்; இல்லை என்கிறேன். பயந்தால் ஒரு நியாயம், பிடித்தால் ஒரு நியாயமா?'

பஞ்சி வெளியே வந்தது. பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னது. எல்லோரும் போய்ப் பார்த்தார்கள்.

கார்மேகம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. "விடிஞ்சும் விடியாததுமா தண்ணி குடிக்க வந்தேன். தாகத்துல கீழே பாக்கவே இல்லையே! கோழியம்மா, உன் புள்ளைங்களை நானே மிதிச்சிட்டேனே!" என்று விம்மியது.

நீர்க்கோழி நொறுங்கிய ஓடுகளை அலகால் ஒதுக்கியது. பிறகு, "நீ வேணும்னு செய்யலை. ஆனா என் முட்டை போனது போனதுதான்," என்றது.

இந்தத் தடவை மூவரும் அவசரப்படவில்லை. எல்லோரையும் கேட்டார்கள், நெடுநேரம் யோசித்தார்கள். கார்மேகம் இனிமேல் பாறைப் பக்கமாகத்தான் சுனைக்குள் இறங்க வேண்டும்; நீர்க்கோழி மறுபடி கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும்வரை கோரைக்கு வெளியே காவல் நிற்க வேண்டும் என்று சொல்லிக் கால் நனைத்தார்கள். கார்மேகம் அன்றைக்கே காவலுக்குப் போய் நின்றது.

சாயங்காலம் உடும்பு பஞ்சியைத் தேடி வந்தது. அதைக் கண்டதும் பஞ்சியின் காது இரண்டும் முதுகோடு ஒட்டிக்கொண்டன.

உடும்பு பத்தடி தள்ளியே நின்றது. "இன்னமும் என்னைக் கண்டா பயமா இருக்கா அக்கா?"

"இருக்கு. காலையில இருந்த மாதிரியேதான் இருக்கு," என்றது பஞ்சி. "ஆனா அது என் பயம், தம்பி. உன் குத்தம் இல்லை."

அடுத்தவர்மேல் தீர்ப்புச் சொல்ல உட்காருகிறவர், அதைச் சொல்வது நடந்த சங்கதியா அல்லது தன்னுடைய சுபாவமா என்று முதலில் தன்னையே விசாரித்துக்கொள்ள வேண்டும்.