ஆட்சேபணை இல்லாத புல்வெளி

காட்டுக் குளத்தின் கரையில் ஒரு புல்வெளி இருந்தது. மாலையானால் காட்டிலுள்ள குட்டிகளெல்லாம் அங்கேதான் விளையாடும்.

வளை தோண்டிக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்த பெருச்சாளி ஒருநாள் காட்டுச் சபைக்கு வந்தது. அந்தப் புல்வெளியில் நூறு வளைகள் தோண்டி, வீடில்லாத வெள்ளெலிகளைக் குடிவைக்கப் போவதாகச் சொன்னது. பக்கத்து மேட்டில் தோண்டலாமே என்று சபையில் சிலர் கேட்டார்கள்.

"மேடு பாறை மாதிரி இறுகிக் கிடக்கிறது. என் நகம் என்ன ஆவது?" என்றது பெருச்சாளி.

இந்தச் செய்தி கேட்டு மகிழ்ந்தது பூவாத்தா என்ற வெள்ளெலி. அதன் பழைய வளை இடிந்துவிட்டது. கண் திறக்காத ஆறு குட்டிகளோடு ஒரு கள்ளிப் புதரடியில் ஒண்டிக்கொண்டிருந்தது. மழை வருவதற்குள் குட்டிகளுக்கு ஒரு கூரை வேண்டும்.

எந்த வேலைக்கும் முன்னால் அறிவிப்பு வைப்பது அந்தச் சபையின் வழக்கம். மரங்கொத்தி அதை மருத மரத்தில் கொத்தி வைக்கும். ஆட்சேபணை உள்ளவர்கள் பத்து நாளுக்குள் மரத்தடியில் வந்து நிற்க வேண்டும். சித்திரை வெயிலில் அறிவிப்பு கொத்தப்பட்டது. விளையாடும் குட்டிகள் மட்டும் வந்து நின்றன. வயது வராதவர்கள் ஆட்சேபிக்க முடியாது என்று சபைத் தலைவரான எருமை அவற்றைத் திருப்பி அனுப்பியது. பதினோராம் நாள் புல்வெளியின் ஓரத்தில் தன் குளம்பைப் பதித்து, ஒப்புதல் கொடுத்தது.

பெருச்சாளி முதல் வளையைத் தோண்டியது. முழங்கை ஆழத்தில் ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. அது ஒரு தவளை.

"மழை வந்துவிட்டதா?" என்றது தவளை, கண்ணைத் திறக்காமலே.

"இல்லை."

"பிறகு எதற்கப்பா எழுப்பினாய்?"

நடந்ததைக் கேட்டதும் தவளைக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. நேராகச் சபைக்குப் போயிற்று.

"கோடை முழுவதும் நாங்கள் இருநூறு பேர் அந்த மண்ணுக்குள் தூங்குகிறோம். மரத்தில் கொத்தினால் எங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் பார்ப்பது புல்வெளி இல்லை ஐயா. மழை பெய்தால் அது குளத்தின் மறுபாதி!"

எருமை நெடுநேரம் அசைபோட்டது. பத்து நாள் முடிந்துவிட்டது, குளம்பும் பதித்தாயிற்று, இனி மாற்ற முடியாது என்றது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் பேச்சைக் கேட்கலாமா என்று பெருச்சாளி சிரித்தது.

சபைக்கு வந்திருந்த பூவாத்தா சிரிக்கவில்லை. அன்று காலையில் அது ஒன்றைப் பார்த்திருந்தது. புல்வெளியிலிருந்த எறும்புகளெல்லாம் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

"பெருச்சாளி மாமா," என்றது பூவாத்தா, "கட்டிய கை முதலில் குடிபுகுந்தால்தானே வீட்டுக்கு அழகு? முதல் வளையில் நீங்கள் மூன்று நாள் இருங்கள். நான்காம் நாள் நாங்கள் வருகிறோம்."

சபை முழுக்கத் தன்னையே பார்த்ததால் பெருச்சாளியால் மறுக்க முடியவில்லை. பூவாத்தா அன்றே குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய், மேட்டில் ஒரு பாறை இடுக்கில் வைத்தது.

இரண்டாம் நாள் மதியம் கோடை மழை கொட்டியது. கள்ளிப் புதரடி மூழ்கியது. புல்வெளி மூழ்கியது. புது வளையிலிருந்து மீசை சொட்டச் சொட்டப் பெருச்சாளி மிதந்து வந்தது. அதன் வாசலில் தவளை உட்கார்ந்திருந்தது.

"அதற்குள் கிளம்பினால் எப்படி? எங்கள் ஆட்கள் இப்போதுதான் எழுந்திருக்கிறார்கள்" என்றது தவளை. சுற்றிலும் இருநூறு தவளைகள் கத்தத் தொடங்கின.

எருமை ஓடிவந்து பார்த்தது. குளம்பு பதித்த இடத்தில் ஒரு முழம் தண்ணீர் நின்றது. அதில் படுக்க வசதியாக இருந்ததால், படுத்தபடியே உத்தரவை மாற்றியது. புல்வெளி தவளைகளுக்கும் குட்டிகளுக்கும், வீடுகள் மேட்டில். இனிமேல் அறிவிப்புக் காலம் ஒரு மழை பார்த்த பிறகுதான் முடியும்.

மழையில் மேட்டு மண் இளகியிருந்தது. பெருச்சாளி அங்கே தோண்டியது. முதல் வளையில் பூவாத்தா ஆறு குட்டிகளையும் கொண்டு வைத்தபோது, ஒரு குட்டி கண் திறந்தது.

பாதிக்கப்படுகிறவர் காதுக்கு எட்டாத இடத்தில் கேட்டுவிட்டு, யாரும் மறுக்கவில்லை என்று சொல்வது சம்மதம் ஆகாது.