புலி ராஜாவின் ஒரே தண்டனை

மஞ்சள் நிறத்தில் ஓர் ஆறு ஓடுகிற தூர தேசத்தில் அடுத்தடுத்து ஏழு காடுகள் இருந்தன, குழந்தைகளே. காட்டுக்கு ஒரு ராஜா. அந்த ஏழு ராஜாக்களுக்கும் தினம் ஒரு சண்டை போடாவிட்டால் சாப்பாடு இறங்காது!

மேற்குக் காட்டை ஆண்ட புலி பொல்லாத கெட்டிக்காரப் புலி. மற்ற ராஜாக்களை ஒவ்வொன்றாக விரட்டியடித்து, ஏழு காடுகளையும் ஒரே காடாக்கிவிட்டது.

"இனிமேல் எல்லாம் ஒன்றுதான்!" என்று கர்ஜித்தது. "ஒரே அளவில் பாதை! ஒரே அளவில் படி! என் வம்சம் பத்தாயிரம் தலைமுறை ஆளும்!"

உண்மையைச் சொல்ல வேண்டும். அதில் நன்மையும் இருந்தது. முன்பெல்லாம் தேன் விற்கும் முயல் தன் கையால் அளந்து போடும். வாங்க வந்த கரடியோ தன் பெரிய கையை நீட்டி, அதுதான் அளவு என்னும். சந்தையில் ஒரே அடிதடி. இப்போது எல்லோருக்கும் ஒரே மூங்கில் படி வந்தது, சண்டை நின்றது.

புலி அதோடு நிறுத்தியதா? இல்லை.

"குற்றத்துக்கு ஒரு தண்டனை என்று எதற்கு இத்தனை தண்டனைகள்? எனக்கு நினைவில் நிற்க மாட்டேன் என்கிறது" என்றது.

மந்திரி நரி குழைந்தது. "ஒன்றே போதும், மகாராஜா. யார் எந்தத் தப்பு செய்தாலும் மலையுச்சியிலிருந்து உருட்டிவிடலாம்."

"பேஷ்!" என்றது புலி.

அன்று முதல் சபையில் தும்மினாலும் மலையுச்சிதான், கொள்ளையடித்தாலும் மலையுச்சிதான். காடே மூச்சுவிடப் பயந்தது.

அப்போது வடக்கு எல்லையில் புலி ஒரு நீண்ட மதில் கட்டிக்கொண்டிருந்தது. பௌர்ணமிக்குள் வந்து சேர வேண்டும் என்ற கட்டளையோடு ஒன்பது கழுதைகள் கல் சுமந்து புறப்பட்டன. காவலுக்கு ஒரு செந்நாய் கூடவே நடந்தது.

வழியில் பேய்மழை பிடித்துக்கொண்டது. வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போயிற்று. ஆற்றங்கரையில் நனைந்தபடி நிற்கும்போதே பௌர்ணமி கடந்துவிட்டது.

அந்தக் கழுதைகளில் முதல் கழுதை "சரி ஐயா" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசி அறியாதது. அன்று அது முதல் முறையாக ஒரு கேள்வி கேட்டது.

"ஐயா, தாமதமாகப் போனால் என்ன தண்டனை?"

"மலையுச்சி" என்றது செந்நாய்.

"மழையால்தான் தாமதம் என்று சொன்னால்?"

"மலையுச்சி."

"இப்படியே ஓடிப்போனால்?"

"அதற்கும் மலையுச்சிதான்."

கழுதை காதைச் சொறிந்துகொண்டது. "ராஜாவையே எதிர்த்தால்?"

செந்நாய் வாயைத் திறந்தது. கொஞ்சம் யோசித்தது. "அதற்கும்... அதேதான்."

"சரி ஐயா" என்றது கழுதை. "எங்களைத் தாமதமாகக் கூட்டிக்கொண்டு போகும் உங்களுக்கு என்ன தண்டனை?"

செந்நாய்க்கு வால் தொங்கிவிட்டது.

ஒன்பது கழுதைகளும் தொப் தொப்பென்று கற்களைக் கீழே போட்டன. ஒரு செந்நாயும் ஒன்பது கழுதைகளும் தலைநகரை நோக்கித் திரும்பி நடந்தன. வழியெல்லாம் கூட்டம் சேர்ந்தது. தும்மிவிட்டு ஒளிந்திருந்த முயல் வந்தது. ராஜா வரும்போது கொட்டாவி விட்ட குரங்கு வந்தது. மழையில் தாமதமான எருமைகள் மந்தையாக வந்தன. ராஜா போட்ட பாதை நல்ல அகலமாக இருந்ததால் ஒருவரும் இடித்துக்கொள்ளவில்லை!

புலியின் குகை வாசலில் இரண்டு கரடிகள் காவல் நின்றன. அன்று காலை அவை ராஜாவுக்குத் தேன் கொண்டுவரத் தாமதமாகியிருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் மரியாதையாக விலகி வழிவிட்டன.

மந்திரி நரியோ எப்போதோ பின்வழியாக ஓட்டம் பிடித்திருந்தது.

வெளியே வந்த புலி அத்தனை கொம்புகளையும் குளம்புகளையும் பார்த்தது. இரண்டடி பின்வாங்கியது.

"பொறுங்கள், பொறுங்கள்! தாமதமாக வந்ததை மன்னித்துவிட்டேன்! எல்லோரும் வேலைக்குப் போங்கள்!"

முதல் கழுதை முன்னால் வந்து பணிவாகச் சொன்னது: "மகாராஜா, இதைப் போன வாரம் சொல்லியிருந்தால் இந்நேரம் நாங்கள் மதிலுக்குக் கல் ஏற்றிக்கொண்டிருப்போமே!"

புலி எடுத்த ஓட்டம் ஏழு காடுகளையும் தாண்டித்தான் நின்றது. பத்தாயிரம் தலைமுறை ஆளப் புறப்பட்ட வம்சம் பதினைந்தே மழைக்காலத்தில் முடிந்துபோயிற்று.

நீதி: சிறு பிழைக்கும் பெருங்குற்றத்துக்கும் ஒரே தண்டனை கொடுப்பவன், பயந்தவனையும் எதிர்த்து நிற்கச் செய்கிறான்.