மஸ்கட்டுக்குப் போன மணமேடை

வாகைவிளையில் வீடியோக் கடை நடத்திவந்த அந்த மூன்று பேரையும் ஊரில் யாரும் சோம்பேறிகள் என்று சொன்னதில்லை. சொன்னதைச் செய்வார்கள். சொன்ன நேரத்தில் செய்வார்கள். சொன்னபடியே செய்வார்கள். கஷ்டமெல்லாம் அந்த மூன்றாவதில்தான்.

மூத்தவர் அம்மையப்பன் அண்ணாச்சி, கடை அவருடையது. அடுத்தவன் சங்கிலி, யோசிக்கிறவன். கடைசியாகப் பேச்சிமுத்து, பலசாலி.

பிரம்மசக்தி அக்கா மகளுக்குக் கல்யாணம். மகன் கொம்பையா மஸ்கட்டில் இருந்தான், லீவு கிடைக்கவில்லை. "தங்கச்சியத் தோள்ல போட்டு வளத்தவன்யா. தாலி கட்டுறத எப்படியாவது அவன் கண்ணுல காட்டிருங்க" என்று அக்கா கேட்டபோது மூன்று பேருக்கும் கண் கலங்கிவிட்டது. நேரடியாக ஒளிபரப்ப ஒத்துக்கொண்டார்கள்.

கல்யாணத்தன்று காலையில் மண்டபத்து ஓரமாக லேப்டாப்பைத் திறந்தார்கள். ஒளிபரப்புகிற மென்பொருள், இணையத்திலிருந்து இன்னொரு பேக்கேஜை இறக்கினால்தான் ஓடுவேன் என்றது. இறக்கப் போனால், 'பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை' என்று சிவப்பாக எழுதிக் காட்டியது. திரும்பத் திரும்ப அதையேதான் காட்டியது.

நாகர்கோவிலில் இருக்கும் ஜெபசிங்குக்குப் போன் போட்டார்கள். கம்ப்யூட்டர் விவரம் தெரிந்தவர்.

"உங்க லேப்டாப் பழசு அண்ணாச்சி. அதுல இருக்க பாதுகாப்பு முறையும் பழசு. அந்தப் பக்கத்து சர்வர் இப்ப அதை ஏத்துக்கிட மாட்டான். செட்டிங்ஸ்ல மாத்தணும், அவ்வளவுதான். வண்டியை நிறுத்திட்டுக் கூப்பிடுதேன். நான் கூப்பிடுற வரைக்கும் எதையும் தொடாதீங்க."

மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். சற்று நேரத்தில் போன் அடித்தது.

"எடுங்கண்ணாச்சி" என்றான் பேச்சிமுத்து.

"எதையும் தொடக்கூடாதுன்னாரேடே. போனும் அதுல சேத்திதானே?"

"கூப்பிடுற வரைக்கும்தானே சொன்னாரு?"

"கூப்பிடுறது அவருதானான்னு எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்" என்றான் சங்கிலி. "எடுத்துப் பாக்கணும்னா தொடணும்."

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. சந்தனக் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் வந்த பிரம்மசக்தி அக்கா, "காது அடைச்சுப்போச்சா?" என்று போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் போனார். அவரிடம் யாரும் எதையும் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கவில்லை.

ஜெபசிங் ஒவ்வொன்றாகச் சொன்னார். சங்கிலி செட்டிங்ஸைத் திறந்து கடைசி வரை இறங்கினான்.

"பழைய பாதுகாப்பு முறை, டிஎல்எஸ் ஒண்ணு புள்ளி பூஜ்யம்னு இருக்கா? அந்த டிக்கை எடுங்க."

எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். "அண்ணாச்சி, பழைய பாதுகாப்பை எடுத்தாச்சு. புதுசு இன்னும் வைக்கல. இப்ப எவனாவது உள்ள பூந்துட்டான்னா?"

பேச்சிமுத்து சமையற்கட்டுக்கு ஓடி ஓர் உலக்கையை எடுத்துவந்து, இணைய வயர் சுவரிலிருந்து வெளியே வரும் இடத்தில் நின்றுகொண்டான்.

"என்ன சத்தம் அங்க?" என்றார் ஜெபசிங்.

"காவல் போடுதோம் தம்பி."

"எதுக்கு?"

"இடைப்பட்ட நேரத்துக்கு."

ஜெபசிங் அவசரமாக அடுத்த டிக்கைச் சொல்லத் தொடங்கினார். அதற்குள், சாப்பாட்டுக் கூடம் எங்கே என்று கேட்க வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பேச்சிமுத்து உலக்கையைக் காட்டித் திருப்பி அனுப்பினான். யார் எந்த உருவத்தில் வருவான் என்று சொல்ல முடியாதல்லவா?

புது முறையான ஒன்று புள்ளி இரண்டில் டிக் விழுந்தது. காவல் விலகியது. லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டதும் பேக்கேஜ் இறங்கத் தயாரானது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டது: 'இதை வெளியிட்டவரை நம்புகிறீர்களா?'

"நீ அவரைப் பாத்திருக்கியாடே?" என்று அண்ணாச்சி சங்கிலியிடம் கேட்டார்.

"இல்லையே அண்ணாச்சி."

"கல்யாண வீட்ல பொய் சொல்லக் கூடாது" என்று அண்ணாச்சி 'இல்லை'யை அமுக்கினார். எல்லாம் நின்றுபோய், அதே கேள்வி மறுபடியும் வந்தது.

"ஐயோ, ஆமான்னு அமுக்குங்க!" என்று போனில் கத்தினார் ஜெபசிங்.

"உமக்கு அவரைத் தெரியுமா தம்பி?"

"தெரியும்!"

"எந்த ஊரு?"

"நாசரேத்து!"

"கல்யாணம் ஆயிட்டா?"

"ரெண்டு பிள்ளைங்க இருக்கு அண்ணாச்சி! முகூர்த்தம் போவுது, அமுக்குங்க!"

"குடும்பஸ்தன். நம்பலாம்" என்று அண்ணாச்சி 'ஆமா'வை அமுக்கினார்.

பேக்கேஜ் இறங்கியது. படம் ஓடியது. மஸ்கட்டில் கொம்பையா புதுச் சட்டை போட்டு, அறை நண்பர்கள் புடைசூழ உட்கார்ந்திருந்தான். "அம்மா, படம் வந்துட்டும்மா! ஆனா யாரோ முன்னால மறைக்காங்க" என்று லேப்டாப்பில் அவன் குரல் கேட்டது.

அது போனிலிருந்த ஜெபசிங்குக்கும் கேட்டது. "இனி ஒண்ணே ஒண்ணுதான் அண்ணாச்சி. கேமராவுக்கு முன்னால ஒருத்தரும் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனை வைத்தார்.

முதலில் அத்தைமார்களை விலக்கினார்கள். பிறகு போட்டோ எடுப்பவரை. பிறகு சங்கிலி கேமராவுக்குள் எட்டிப் பார்த்தான்.

"இன்னும் மூணு பேரு இருக்காங்க அண்ணாச்சி. பொண்ணு, மாப்பிள்ளை, ஐயரு."

"அவங்களும் ஒருத்தர்ல சேத்திதானே?" என்றான் பேச்சிமுத்து.

அண்ணாச்சி மேடையேறிக் கையெடுத்துக் கும்பிட்டார். "கொம்பையா பாக்கணும்னா நீங்க இந்தப் பக்கம் வரணும்."

மகன் பார்த்தால் போதும் என்றிருந்த பிரம்மசக்தி அக்கா, எதற்கு என்றுகூடக் கேட்காமல் எல்லாரையும் இழுத்துக்கொண்டு வந்தார். கேமராவுக்குப் பின்னால், வயருக்கும் உலக்கைக்கும் நடுவில், கெட்டிமேளம் முழங்கத் தாலி ஏறியது. மஸ்கட்டில் பதினாறு பேர் ஒரு காலி மணமேடையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி! மேடையில ஒருத்தரையும் காணோமே!" என்று அலறினான் கொம்பையா.

அம்மையப்பன் அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அக்காவிடம் திரும்பினார்.

"கேட்டியளாக்கா? ஒருத்தரும் மறைக்கலையாம்."