பூவலிங்கம் உருவிய கம்பி

“பதினாலு வருஷம் சாமி. மோட்டாருக்குக் கம்பி சுத்தி காயில் கட்ட முதலாளி எனக்கு இன்னும் சொல்லித் தரலை.”

எரிந்துபோன கிணற்று மோட்டாரைப் பட்டறைக்குத் தூக்கிப்போக மடத்துக்கு வந்திருந்தான் பூவலிங்கம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கிணற்றடியில் இங்கும் அங்கும் நடந்தான்.

சாமியாருக்கு அவனைவிடப் பத்து வயது குறைவு.

“பட்டறையில உங்க வேலை என்ன அண்ணாச்சி?”

“எரிஞ்ச காயிலை வெட்டி உருவிப் போடுவேன். புதுசு சுத்துறது முதலாளி. எந்த மோட்டாருக்கு எத்தனை சுத்துன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கார். அதை என் கண்ணுல காட்ட மாட்டார்.”

“வேற யாருக்குக் காட்டினார்?”

“யாருக்கும் காட்டலை. வயிறு எரியுறது வேற ஒண்ணுக்கு. மரியசெல்வின்னு ஒருத்தி, ரெண்டு வருஷம் முன்னாடி கூட்டிப் பெருக்க வந்தவ. முதலாளி திங்கக்கிழமை திறக்கிற புதுப் பட்டறைக்கு அவதான் மேஸ்திரி. நான் அவளுக்குக் கீழே உளி பிடிக்கணுமாம்.”

“அவ யாருகிட்ட படிச்சா?”

“யாருகிட்டயும் இல்லை. நான் உருவிப் போட்ட கம்பியைப் பொறுக்கிக்கிட்டே கிடப்பா. சாப்பாட்டு நேரத்துலயும் அதே வேலை. ‘அண்ணாச்சி, கொஞ்சம் பொறுத்து உருவுங்க’ன்னு நச்சரிப்பு வேற. குப்பைக்காரின்னு நான்தான் பேரு வச்சேன்.”

அவன் சிரித்தான். சாமியார் சிரிக்கவில்லை. மோட்டாரை அவன் பக்கம் தள்ளினார்.

“இதை உருவுங்க.”

மூடியைக் கழற்றினான். பையிலிருந்து உளியை எடுத்து வைத்து நாலு அடி. குறட்டால் பிடித்து ஒரே இழுப்பு. முதல் காயில் கருகிய கற்றையாகத் தரையில் விழுந்தது.

“எத்தனை சுத்து?” என்றார் சாமியார்.

“எண்ணலையே. உருவுறவனுக்கு எதுக்குச் சாமி அந்தக் கணக்கு? அதெல்லாம் முதலாளி நோட்டுல…”

அடுத்த காயிலையும் உளியால் வெட்டினான்.

குறடு அதைப் பிடித்திருந்தது. இழுக்கவில்லை. வெட்டுப்பட்ட முனைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பளபளத்தன, ஒரு சுத்துக்கு ஒரு முனை.

“சாமி, அப்ப அவ கம்பியைப் பொறுக்கினது…”

சாமியார் மடத்துக்குள் போய்விட்டிருந்தார்.

பூவலிங்கம் அப்போதுதான் தரையில் உட்கார்ந்தான். விழுந்து கிடந்ததை அள்ளி மடியில் போட்டான்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு.”

பதினேழில் கணக்கு விட்டுப்போயிற்று.

“ஒண்ணு.”