சூரைப் புதர் நின்ற இடம்

"மூணு வருசம் ஆயிட்டும்மா. ஒரு மரம்கூட வரல. நாளைக் காலை பஸ்ஸுக்கு நான் ஊருக்குக் கிளம்புதேன்."

திருமேனி இதைச் சொன்னபோது வெள்ளையம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வெள்ளையம்மைதான் குரு. வயது முப்பத்தாறு. சீடர் திருமேனிக்கு அறுபத்திரண்டு. இதில் இருவருக்கும் சங்கடம் இல்லை, பார்க்க வருகிறவர்களுக்குத்தான்.

திருமேனியின் சங்கடம் வேறு. மடத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் இருந்த காட்டை எரித்தவர் அவர். தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் தலைமை எழுத்தராக இருந்த மனுஷன். சருகு கண்டபடி கிடந்தது பொறுக்கவில்லை. கூட்டிக் குவித்துத் தீ வைத்தார். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொண்டது.

சாம்பல் ஆறியதும் இருநூறு நாவல் கன்று நட்டார். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். வெட்டவெளி வெயில் அத்தனையையும் தின்றுவிட்டது. மறு வருஷமும் இருநூறு நட்டார். அதே கதை.

வந்ததெல்லாம் புல். புல்லை அடுத்து ஆவாரை. இப்போது சூரைமுள். அதைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இப்ப அங்க என்னதான் வந்திருக்கு?" என்று கேட்டார் வெள்ளையம்மை.

"களை."

"அப்ப போறதுக்கு முன்னாடி அதை வெட்டிப் போட்டுட்டுப் போங்க ஐயா."

திருமேனிக்குச் சந்தோஷம். போகிற நேரத்திலாவது இடத்தைச் சுத்தமாக விட்டுவிட்டுப் போகலாம். அரிவாளை எடுத்துக்கொண்டு உடனே மேலே ஏறினார்.

முதல் சூரைப் புதரே ஆளுயரம். முள் கையைக் கீறியது, வேட்டியைக் கிழித்தது. திட்டிக்கொண்டே வெட்டி, எல்லாவற்றையும் சரிவில் உருட்டிவிட்டார்.

அடியில் மண் ஈரமாக இருந்தது.

அந்த ஈரத்தில், பறவை எச்சத்துக்கு நடுவே, ஒரு சாண் உயரத்துக்கு ஒரு கன்று. செம்பு நிறத்தில் கொழுந்து.

நானூறு நாவல் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியவருக்கு அந்தக் கொழுந்து தெரியாதா?

இதை அவர் நடவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. அப்புறம்தான் கவனித்தார், கன்றின் மேல் வெயில் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு அவர் இறங்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் வெள்ளையம்மை மேலே வந்தார். அத்தனை பெரிய சரிவில் ஒரே ஒரு புதர்தான் வெட்டப்பட்டிருந்தது. அது இருந்த இடத்தில் திருமேனி நின்றுகொண்டிருந்தார், இரண்டு கையாலும் துண்டை விரித்துப் பிடித்தபடி. முகம் வெயிலில் கறுத்திருந்தது. ஆனால் மூன்று வருஷத்தில் அவர் முகம் இப்படித் தெளிந்து யாரும் பார்த்ததில்லை.

"என்ன ஐயா இது?"

"நகர்ந்தா இதுக்கு வெயில் படுதும்மா."

"அதான் பொழுது விழுந்தாச்சே. கீழ வாங்க, சாப்பிடலாம்."

திருமேனி துண்டை மடித்துத் தோளில் போட்டார். இரண்டு எட்டு வைத்தார். நின்று, மறுபடியும் கன்றைக் குனிந்து பார்த்தார்.

"பை கட்டியாச்சா?" என்று கேட்டார் வெள்ளையம்மை. "காலைல ஏழு மணிக்குல்லா பஸ்ஸு."

"எப்படிம்மா போறது?" என்றார் திருமேனி. "அந்த முள்ளு திரும்பத் தழைய ரெண்டு மழையாவது ஆகுமே."